கால்களை எண்ணிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்: ஒரு ஐ.சி.யூ நர்ஸின் வேலையை எப்படி அளப்பீங்க?

இதைப் படிச்சுட்டு இருக்கிற உங்க போன்லயே ஒரு ஸ்டெப் கவுன்ட்டர் இருக்கும். இன்னிக்கு எத்தனை அடி நடந்தீங்கன்னு அதுவே சொல்லிடும். பத்தாயிரத்தைத் தொட்டுட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல வைக்கிற ஆளுங்க நாம.

இப்போ ஒரு ஐ.சி.யூ-வின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு நர்ஸ். ஒரு பெட்டில் டிரிப்ஸ் மாற்றுகிறார். அதற்குள் அடுத்த பெட்டில் அலாரம் அடிக்கிறது, ஓடுகிறார். வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்க இன்னொருவரை அழைக்கிறார். நடுவில் கதவைத் திறந்து, அழுதுகொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசுகிறார். திரும்பிப் போய் சார்ட் எழுதுகிறார். ஷிஃப்ட் முடியும்போது அவர் செய்த வேலை எவ்வளவு? இரண்டு பேஷன்ட்டைப் பார்த்தார் என்பது பதிலாகுமா? அந்த இரண்டு பேரில் ஒருவர் நாளைக்கு வார்டுக்கு மாறப்போகிறவர், இன்னொருவர் நிமிடத்துக்கு நிமிடம் இழுத்துக்கொண்டிருப்பவர் என்றால்?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஐ.சி.யூ-க்களில் இன்று மதிப்பெண் முறைகளே இருக்கின்றன. ஆனால் நர்ஸின் நேரமும் கால்களும் எங்கே வீணாகின்றன என்று கணக்குப் பார்த்த ஒருவர் 170 வருடங்களுக்கு முன்பே இருந்தார். அவர் படம் நம்ம ஊர் நர்ஸிங் காலேஜ் சுவர்களில்கூடத் தொங்குகிறது. கையில் விளக்கு, தலையில் துணி, முகத்தில் கருணை. கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதால், அவர் கையில் இருந்த கணக்கு நோட்டு நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

பணக்கார வீட்டுப் பொண்ணுக்கு ஏன் இந்த ஆசை?

1820 மே 12. இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு வசதியான தம்பதி இத்தாலியில் தங்கியிருந்தபோது, ஃபிளாரன்ஸ் நகரத்தில் அவர்களுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். முதல் பெண் நேப்பிள்ஸில் பிறந்ததால், அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பது அவள் பெயர். தங்கைக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது என்றுதான் சொல்லணும்!

இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒரு வீடு, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை. அப்பா வில்லியம் நைட்டிங்கேல் தன் பெண்களுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் என்று ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்த படிப்பு அது. ஃபிளாரன்ஸுக்கு அதைத் தாண்டிக் கணக்கின் மேல் ஆசை. விருந்து, பியானோ, எம்ப்ராய்டரி, நல்ல இடத்தில் கல்யாணம் என்று அம்மா போட்ட கணக்கு வேறு.

16 வயதில், கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைத்ததாக ஃபிளாரன்ஸ் உணர்ந்தார். அந்த சேவை நர்ஸிங்தான் என்று முடிவுக்கு வரவே சில வருடங்கள் ஆயின. 1845-ல் பக்கத்து ஊர் சாலிஸ்பரி மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீட்டில் பூகம்பம். அன்றைய இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் வேறு வழியில்லாமல் வருகிற பெண், குடிப்பவள் என்றெல்லாம்தான் பேச்சு. வீட்டு வேலைக்காரியாகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அம்மா அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

போக விடவில்லை. சரி என்று பொண்ணு சும்மா இருந்ததா? விடியற்காலையில் எழுந்து, வீடு விழித்துக்கொள்வதற்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசாங்கத்தின் சுகாதாரப் புள்ளிவிவரங்களையும் படித்துக் குறிப்பெடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் நல்ல பெண்ணாகக் கீழே போய் உட்கார்ந்துவிடுவார். ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்ற கவிஞர், அரசியல்வாதி, வருடக்கணக்கில் காத்திருந்து கேட்ட கல்யாணத்தையும் வேண்டாம் என்றார். கடைசியில் 1851-ல், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதப் பயிற்சி. அப்போது வயது 31.

மணி அடித்தால் யார் அடித்தது?

1853 ஆகஸ்ட்டில் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சின்ன மருத்துவமனைக்கு அவர் மேற்பார்வையாளர் ஆனார். சம்பளம் கிடையாது. அப்பா வருடம் 500 பவுண்டு கொடுத்தார். ஸ்கூட்டாரிக்குப் போவதற்கு முந்தைய இந்த ஒரு வருடத்தை அவர் வாழ்க்கைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ நம்ம கதை தொடங்குவதே இங்கேதான் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்து மாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்யுங்கள். வெந்நீர் கீழே அடுப்பில். சமையலறை கீழே. நோயாளிகள் மாடியில். ஒருவருக்கு உடம்பு துடைக்க வேண்டும் என்றால் நர்ஸ் கீழே இறங்கி, வாளியில் வெந்நீர் சுமந்து மேலே வரணும். சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே மாடிப்படிதான். நடுவில் மணி அடிக்கும். எந்த அறையில் அடித்தது என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கணும்.

ஃபிளாரன்ஸ் பொறுப்பேற்பதற்கு முன்பே நிர்வாகக் குழுவுக்குத் தன் கோரிக்கைகளை எழுதி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற, கயிறும் சக்கரமும் வைத்த ஒரு லிஃப்ட் வேண்டும். மணி நர்ஸ் இருக்கும் மாடியிலேயே கேட்க வேண்டும். அதோடு, அடித்த அறைக்கான சின்ன மூடி திறந்தபடியே நிற்க வேண்டும், நர்ஸ் வந்து பார்க்கும்வரை. இதெல்லாம் இல்லாவிட்டால் நர்ஸ் என்பவர் வெறும் இரண்டு கால்களாக மாறிவிடுவார் என்பதுதான் அவர் வாதம். நர்ஸ் கவனமாக இல்லை என்று புகார் வந்தால், அவர் நாளெல்லாம் மாடிப்படியில்தானே இருந்தார் என்று யாராவது பார்க்கணும் இல்லையா?

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நர்ஸ் எவ்வளவு உழைக்கிறார் என்பது ஒரு கேள்வி. அந்த உழைப்பில் எவ்வளவு நோயாளியைப் போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கேள்வி. கட்டடம் மோசமாக இருந்தால், நர்ஸ் களைத்துப் போவார். நோயாளிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இன்றைய ஐ.சி.யூ-வின் நடுவில் ஒரு மேஜை, அதில் எல்லா பெட்டின் மானிட்டரும் தெரிகிற திரை, எந்த பெட்டில் அலாரம் என்று காட்டும் விளக்கு என்றெல்லாம் பார்க்கிறோமே, அந்த யோசனைக்கும் ஹார்லி தெரு மணிக்கும் சொந்தம் ரொம்ப தூரமில்லை.

38 பேர், ஆயிரக்கணக்கில் நோயாளிகள்

1854-ல் கிரிமியப் போர். ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பில்லாமல் சாகிறார்கள் என்று டைம்ஸ் பத்திரிகையில் செய்திகள் வரவும், நாடே கொதித்தது. போர்த் துறைச் செயலாளர் சிட்னி ஹெர்பர்ட் ஃபிளாரன்ஸுக்கு நண்பர். அக்டோபர் 21-ம் தேதி 38 பெண்களோடு கிளம்பினார். அதில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள், 14 பேர் மருத்துவமனை நர்ஸ்கள், மீதிப்பேர் ஆங்கிலிக்கன் சபை அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். நவம்பர் 4-ம் தேதி கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

மருத்துவமனை என்ற பெயரில் அங்கே இருந்தது ஒரு பழைய ராணுவக் குடியிருப்பு. வராந்தா முழுக்க வரிசையாகப் படுக்கை. அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடை. டாக்டர்களோ பெண்களை வார்டுக்குள்ளேயே விடவில்லை. அடுத்த நாளே இன்கர்மேன் சண்டை. கப்பல் கப்பலாகக் காயம்பட்டவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் கதவு திறந்தது.

ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு 38 பேர். என்ன விகிதம் என்று வகுத்துப் பார்ப்பதிலேயே அர்த்தமில்லை. வார்டு வேலையின் பெரும்பகுதியை, குணமாகிக்கொண்டிருந்த சிப்பாய்களே ஆர்டர்லிகளாக இருந்து பார்த்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தன் நர்ஸ்கள் யாரும் வார்டில் இருக்கக் கூடாது என்று ஃபிளாரன்ஸே சட்டம் போட்டிருந்தார். அப்புறம் அவர் மட்டும் தனியாக, மடிக்கிற துருக்கி லாந்தர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். படங்களில் பார்க்கிற அலாவுதீன் விளக்கு ஓவியர்களின் கற்பனைங்க. நிஜத்தில் அவர் வைத்திருந்தது காகித லாந்தர்.

பகலில் அவர் செய்ததைப் பார்த்தால் சேவை என்பதைவிட மேனேஜ்மென்ட் என்றே சொல்லத் தோன்றும். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்கள் வைத்து, சிப்பாய்களின் மனைவிகளைக் கொண்டு துணி துவைக்க வைத்தார். நோயாளிக்கு ஏற்ற சாப்பாடு செய்யத் தனிச் சமையலறைகள். தரை துடைக்க பிரஷ்கள், சட்டைகள், தட்டுகள், கரண்டிகள் என்று வாங்கிக் குவித்தார். மோசமான நிலையில் இருந்தவர்களை நர்ஸ்களின் கண்ணில் படும்படி, பக்கத்தில் படுக்க வைத்ததாகவும் சொல்வார்கள். ஐ.சி.யூ வரலாற்றை எழுதுபவர்கள் அடிக்கடி இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இயந்திரமெல்லாம் அப்புறம் வந்ததுதான். யாருக்கு அதிகக் கவனிப்பு தேவையோ அவர் பக்கத்தில் நர்ஸ் இருக்கணும் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரி மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களில் 42.7 சதவிகிதம் பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தது, குடிநீர் வழியைச் சீரமைத்தது, காற்று வர ஜன்னல் திறந்தது. ஜூனில் அதே கணக்கு 2.2 சதவிகிதம்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஃபிளாரன்ஸின் மீதி வாழ்க்கை இருக்கிறது.

ஒரு பூவில் 12 இதழ்

1856 ஆகஸ்ட்டில் ஊர் திரும்பினார். மிஸ் ஸ்மித் என்ற பெயரில், வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று ரகசியமாக. கிரிமியாவில் பிடித்த கடும் காய்ச்சல் உடம்பை உடைத்திருந்தது. அடுத்த வருடத்திலிருந்து பெரும்பாலும் படுக்கையிலும் சோபாவிலும்தான் வாசம். அங்கிருந்தே வேலை.

வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு சேர்ந்து போர்க்காலச் சாவுகளைக் கணக்குப் போட்டார். 1855 ஜனவரி என்ற ஒரே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் இருந்த பிரிட்டிஷ் படையில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். இதை அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் படமாக வரைந்தார். வட்டத்தில் 12 இதழ், மாதத்துக்கு ஒன்று. இதழின் பரப்பளவுதான் சாவின் எண்ணிக்கை. நோய்க்கு நீலம், காயத்துக்கு சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. நீலம் பக்கத்தையே விழுங்கியிருக்கும், சிவப்பு எங்கேயோ ஒரு கீற்றாகத் தெரியும். இன்று இன்ஸ்டாவில் நாம் ஸ்வைப் பண்ணுகிற இன்ஃபோகிராஃபிக்ஸுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி அது. 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

அந்தக் கணக்கு அவரையும் விட்டுவைக்கவில்லை என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். தானும் தன் நர்ஸ்களும் ராப்பகலாக உழைத்த அதே கட்டடத்தில், கட்டடமே நோயைப் பரப்பியிருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் அவர் அதை உணர்ந்திருக்கவில்லை. எவ்வளவு உழைத்தோம் என்பதைவிட அந்த உழைப்பால் என்ன ஆனது என்று கேட்கிற பழக்கம் அதன் பிறகு அவரை விடவே இல்லை.

1859-ல் வந்த மருத்துவமனைகள் பற்றிய அவர் புத்தகத்தையும், 1863-ல் விரிவாக வந்த பதிப்பையும் இந்தக் கோணத்தில் பார்க்கணும். அதில் ஜன்னல் உயரத்திலிருந்து சுவர்ப்பூச்சு வரை பேசுகிறார். சுற்றிச் சுற்றி அவர் வருகிற இடம், ஒரு வார்டில் எத்தனை படுக்கை என்பது. சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். இரவில் ஒரே நர்ஸால் நான்கு அறைகளில் இருப்பவர்களைப் பார்க்க முடியாது. அதே ஆட்கள் ஒரே நீள அறையில் இருந்தால் முடியும். சுமார் 30 படுக்கை, இருபுறமும் ஜன்னல், தலைமை நர்ஸின் அறையிலிருந்து வார்டு முழுக்கத் தெரிய வேண்டும். வார்டின் அளவை மாற்றினால் நர்ஸிங் செலவு எப்படி மாறும் என்றும் கணக்குப் போட்டார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை 1871-ல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது இந்த வடிவில்தான் கட்டினார்கள்.

அதே புத்தகத்தில் போகிறபோக்கில் ஒரு குறிப்பு. சின்ன ஊர் மருத்துவமனைகள் சிலவற்றில் ஆபரேஷன் அறையை ஒட்டி ஒரு சிறு அறை இருப்பதையும், ஆபரேஷனின் உடனடி பாதிப்பிலிருந்து மீளும்வரை நோயாளியை அங்கேயே வைத்திருப்பதையும் சொல்கிறார். இன்றைய ரெக்கவரி ரூமின் ஆரம்பகாலச் சாட்சி அது.

ஆக்னஸுக்கு என்ன ஆச்சு?

1860-ல் மக்கள் தந்த நன்கொடை நிதியிலிருந்து செயின்ட் தாமஸில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே படித்த நர்ஸ்கள் உலகம் முழுக்கப் போனார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது.

ஆக்னஸ் ஜோன்ஸ். 1865-ல் லிவர்பூலில், ஏழைகளுக்கான பிரவுன்லோ ஹில் விடுதியின் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 12 பேர். கூடவே கொஞ்சம் பயிற்சி மாணவிகள், விடுதியில் இருந்த ஏழைப் பெண்கள். விடியலுக்கு முன்பே எழுந்து இரவு வரை வேலை. ஏழைகளுக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும் என்பதை நிரூபித்துக் காட்டிய இடம் அது. மூன்றே வருடத்தில், 1868 பிப்ரவரியில், டைஃபஸ் காய்ச்சலில் ஆக்னஸ் இறந்துபோனார். வயது 35.

ஃபிளாரன்ஸ் மனமுடைந்து ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். ஆக்னஸின் தியாகத்தைப் புகழ்ந்து, அவர் விட்ட இடத்துக்கு இன்னும் பெண்கள் வர வேண்டும் என்று அழைத்தார். இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். வெந்நீர் வாளியைச் சுமக்க விடாமல் குழாய் கேட்ட அதே மனுஷி, ஒருத்தி மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கேள்வியை இந்த இடத்தில் முன்னால் வைக்கவில்லை. விளக்கு, கணக்கு நோட்டை ஜெயித்த இடம் இது என்பேன். நர்ஸ் என்றால் தியாகி என்கிற பட்டத்தைக் கொடுத்துவிட்டு, இன்னொரு ஆள் கேட்டால் தராமல் இருப்பது உலகம் முழுக்க வசதியாகப் போய்விட்டது.

தன்னைச் சுற்றி இருந்தவர்களிடமும் அவர் அப்படித்தான். சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டிருந்தபோதும் ராணுவச் சீர்திருத்த வேலையை முடிக்கச் சொல்லி விரட்டினார். 1861-ல் அவர் இறந்தார். ஃபிளாரன்ஸுக்காகப் பார்சல் கட்டுவது முதல் புரூஃப் திருத்துவது வரை பார்த்த, உறவுக்காரப் பெண்ணின் கணவரான கவிஞர் ஆர்தர் கிளஃபும் அதே வருடம் போய்ச் சேர்ந்தார். அவரவர் உடம்புக்கு அவரவர் காரணம் இருந்தது, உண்மைதான். ஆனால் ஃபிளாரன்ஸ் யாருக்கும் லீவு கொடுக்கிற டைப் இல்லை, தனக்கும்தான்.

இன்னொரு முரண். 1887-க்குப் பிறகு, நர்ஸ்களுக்குத் தேர்வு வைத்து, பதிவு செய்து, டாக்டர்கள் போல அங்கீகாரம் தரணும் என்று எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் தலைமையில் ஓர் இயக்கம் கிளம்பியது. ஃபிளாரன்ஸ் கடுமையாக எதிர்த்தார். தேர்வு அறிவைச் சோதிக்கும், நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைச் சோதிக்காது என்றார். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தவர், இதை எண்ண முடியாது என்று கோடு கிழித்தார்.

வென்டிலேட்டருக்கு 1.4, ஆறுதலுக்கு 32

அந்தக் கோட்டை ஐ.சி.யூ எப்படித் தாண்டியது என்று பார்க்க, அவர் காலத்திலிருந்து கொஞ்சம் முன்னால் தாவணும். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாதவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்துக் கையாலேயே பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். டாக்டர் பியோர்ன் இப்சனின் அந்த யோசனையிலிருந்துதான் நவீன ஐ.சி.யூ பிறந்தது. வேலைப்பளு என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்தது. ஒரு நோயாளிக்கு 24 மணி நேரமும் ஒரு கை.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. 1974-ல் அமெரிக்காவில் டிஸ் என்ற மதிப்பெண் முறை வந்தது. நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். வென்டிலேட்டர் முழுசாக மூச்சு கொடுக்கிறதா? 4 போடு. கூட்டுத்தொகை அதிகமானால் நோயும் அதிகம், நர்ஸ் வேலையும் அதிகம் என்பது எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நர்ஸ்கள் நிஜத்தில் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று அளந்தபோது, 28 அம்சங்களாகச் சுருக்கப்பட்ட டிஸ் முறையால் அவர்கள் நேரத்தில் 43 சதவிகிதத்தை மட்டுமே விளக்க முடிந்தது. மீதி நேரம் எங்கே போச்சு?

2003-ல் டினிஸ் மிராண்டாவும் குழுவினரும் 15 நாடுகளின் 99 ஐ.சி.யூ-க்களைப் பார்த்து, நாஸ் என்ற புது முறையை வெளியிட்டார்கள். 23 அம்சங்கள். 100 மதிப்பெண் என்றால் 24 மணி நேரத்துக்கு முழுசாக ஒரு நர்ஸின் வேலை. இரண்டு நோயாளிகளுக்குத் தலா 50 வந்தால் ஒரு நர்ஸ் சமாளிக்கலாம். தலா 80 வந்தால், ஒருவர் கிட்டத்தட்ட ஒன்றரை ஆள் வேலையைச் செய்கிறார் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்த எண்கள் சில. மூச்சுக்கான இயந்திர உதவிக்கு 1.4. மூன்று பேர் சேர்ந்து நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் 17. உடம்பைச் சுத்தம் செய்வது ஒரு ஷிஃப்ட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் 20. சார்ட், போன், ஏற்பாடுகள் என்று எழுத்து வேலையே நான்கு மணி நேரம் தின்றால் 30. நோயாளியோடும் வீட்டாரோடும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தால் 32. இது நோயின் தீவிரத்துக்கான மார்க் இல்லை, நர்ஸின் நேரத்துக்கான மார்க். கண்ணாடிக் கதவைத் திறந்து வந்து அந்த அம்மாவிடம் பேசினாரே, அதற்கும் மார்க் உண்டு. புது முறை நர்ஸின் நேரத்தில் 81 சதவிகிதத்தை விளக்கியது.

துடைப்பது, திருப்புவது, எழுதுவது, ஆறுதல் சொல்வது. ஹார்லி தெருவில் மணியையும் குழாயையும் சரிசெய்து, எந்த வேலைகளுக்காக நர்ஸின் நேரத்தை மிச்சம் பிடித்தாரோ, அதே வேலைகள்!

ஃபிளாரன்ஸ் கையில் ஸ்டாப் வாட்ச் இருந்ததில்லை, மதிப்பெண் பட்டியலும் போட்டதில்லை. ஆனால் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரி படிவத்தில் கணக்கு வைக்கணும், அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்று 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு மாதிரிப் படிவங்கள் தயாரித்துக் கொடுத்தவர் அவர். அவற்றை நிரப்புவது பெரிய வேலையாக இருக்கிறது என்று மருத்துவமனைகள் மெல்லக் கைவிட்டன. எழுத்து வேலைக்கும் நேரம் வேணுமே!

இரண்டு எழுத்து

கடைசி வருடங்களில் கண் பார்வை போனது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்கிருந்த படைமுகாம்களின் சாவுக் கணக்கு, கிராமத்துச் சுகாதாரம், பஞ்சம், நீர்ப்பாசனம் என்று பல பத்தாண்டுகள் கடிதம் எழுதிக் குவித்தவர், இப்போது பிறர் படிக்கக் கேட்கும் நிலைக்கு வந்தார். 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது. அதைப் பெற்ற முதல் பெண். விருது வந்ததை முழுதாகப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் அப்போது இல்லை.

1910 ஆகஸ்ட் 13-ம் தேதி, லண்டன் சவுத் தெரு வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 90. மன்னர்களும் மேதைகளும் புதைக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். அவர் எளிமையான அடக்கத்தையே விரும்பியிருந்ததால், உறவினர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ தேவாலயத்தில் குடும்பக் கல்லறைத் தூண். மற்ற மூன்று பக்கமும் குடும்பத்தாருக்கு. இவருக்கான பக்கத்தில் முழுப் பெயர்கூட இல்லை. எஃப்.என். என்ற இரண்டு எழுத்து, பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான்.